கண்டெய்னர் ரயில் கடலூர் பக்கம் ஏன் வருவதில்லை?

முதுநகர்க்காரன்: சென்னையிலிருந்து தெற்கே போகும் கண்டெய்னர் ரயில்கள் கடலூர் பக்கம் வராததற்குத் தூரம் ஒன்றுதான் காரணம் என்று நேற்று ஒருவர் இங்கே எழுதியிருந்தார். படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. ரயில்வே தூரத்தை மட்டும் பார்த்தா வழி முடிவு செய்கிறது?

வில்லியனூர் வாசி: எழுதியவன் நான்தான். விழுப்புரத்திலிருந்து திருச்சிக்கு விருத்தாசலம் வழியாகப் போகும் குறுக்குப் பாதையான கார்டு லைனில் சுமார் 178 கி.மீ. கடலூர், சிதம்பரம், கும்பகோணம் சுற்றிப் பழைய மெயின் லைனில் போனால் 242. கூடுதல் 64 கி.மீ. கண்டெய்னர் பெட்டிக்கு ரயில்வே வாங்கும் இழுவைக் கட்டணம் தூரக் கணக்கில்தான். சுற்றிப் போனால் யார் பணம் தருவது?

முதுநகர்க்காரன்: அமெரிக்காவில் சாண்டா ஃபே ரயில்வே 1908இல் பெலன் குறுக்குப் பாதையைப் போட்டதே, தூரத்துக்காகவா? பழைய வழியில் ராட்டன் கணவாயில் நூறு அடிக்கு மூன்றரை அடி ஏற்றம். புதுப் பாதையில் ஒன்றேகால் அடி. தூரம் பெரிதாகக் குறையவே இல்லை. ஆனாலும் லாஸ் ஏஞ்சலஸ், சிகாகோ கண்டெய்னர் ரயில்கள் இன்றும் அந்த வழியில்தான் ஓடுகின்றன. ஏற்றம் குறைந்தால் இன்ஜினும் டீசலும் மிச்சம். நம் மெயின் லைன் டெல்டாவில் பலகை மாதிரி சமதரை. போய்ப் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

வில்லியனூர் வாசி: கார்டு லைனில் மட்டும் மலையா நிற்கிறது? 64 கி.மீ.க்குப் பதில் சொல்லுங்கள்.

யார்டு தம்பி: அண்ணன்களே, 45 வேகன் ரயிலில் இருபதடிப் பெட்டி 90 ஏறும். கடலூர் வழி ஒற்றைப் பாதை. அதில் எதிரே வரும் ரயிலுக்கு வழிவிட ஒதுக்கி நிறுத்தினால் அத்தனையும் காத்துக் கிடக்கும். கப்பல் காத்திருக்காது. கார்டு லைன் இரட்டைப் பாதை. அதைப் பேசுங்கள்.

முதுநகர்க்காரன்: அதைத்தான் தம்பி நானும் கேட்கிறேன். மெயின் லைனில் விழுப்புரம் முதல் மயிலாடுதுறை வரை 122 கி.மீ. 2010இல் அகலப் பாதை ஆனது. அப்புறம் மின்கம்பியும் வந்தது. இரட்டைப் பாதை மட்டும் ஏன் இல்லை? பாதை போடாமல் வைத்துக்கொண்டு, தூரம் என்று காரணம் சொல்வது அநியாயம். வில்லியனூர்க்காரருக்கு இது புரியாது. அவர் ஊர் ரயில் விழுப்புரத்தில் போய் ஒட்டும் கிளைப் பாதை.

வில்லியனூர் வாசி: கிளைப் பாதை என்று இளக்காரம் வேண்டாம். 1879லேயே புதுச்சேரிக்கு ரயில் வந்துவிட்டது. முன்பு இங்கே கடலூர் திருப்பாதிரிப்புலியூர் ரயில் நிறுத்தம் பற்றிப் பேசியபோதும் இப்படித்தான் ஊரை இழுத்தீர்கள். நான் மறக்கவில்லை.

முதுநகர்க்காரன்: அன்றைக்கும் நான் சொன்னதுதான் சரி. இன்றைக்கும் சொல்கிறேன், தூரம் காரணமே இல்லை.

வில்லியனூர் வாசி: 64 கி.மீ.