சூனியக்காரிகளை எரித்தது திருச்சபையா, அரசு நீதிமன்றமா?

ஏடுபுரட்டி:
"இன்க்விசிஷன் (கத்தோலிக்கத் திருச்சபையின் மத விசாரணை மன்றம்) 90 லட்சம் பெண்களைச் சூனியக்காரிகள் என்று சொல்லி எரித்தது" என்று நேற்று ஒருவர் எழுதியிருந்தார். ஒரே வரியில் மூன்று தப்பு. 90 லட்சம் என்பது 18ஆம் நூற்றாண்டில் ஃபோய்க்ட் என்ற ஜெர்மானியர் போட்ட கணக்கு. க்வெட்லின்பர்க் என்ற ஒரே ஊரின் ஆவணத்தில் கண்ட சில பத்து வழக்குகளை எடுத்து, ஐரோப்பா முழுவதற்கும் பல நூற்றாண்டுகளுக்கும் பெருக்கிவிட்டார். வந்த விடை 94,42,994. கடைசி நாலு பேர் வரைக்கும் துல்லியம்! இன்று ஆய்வாளர்கள் சொல்வது 40,000 முதல் 60,000 வரை. அதில் நாலில் மூன்று பங்குக்கு மேல் பெண்கள்தான், ஆனால் எல்லாரும் அல்ல. ஐஸ்லாந்தில் கொல்லப்பட்டவர்கள் ஏறக்குறைய அனைவருமே ஆண்கள். மூன்றாவது தப்புதான் பெரியது. இந்தத் தீர்ப்புகளில் பெரும்பாலானவற்றை எழுதியது அரசு நீதிமன்றங்கள், இன்க்விசிஷன் அல்ல.

தாமிரபரணி:
முதல் இரண்டிலும் எனக்கு மறுப்பில்லை. மூன்றாவதில் ஒரு தந்திரம் இருக்கிறது ஐயா. ஜெர்மனியின் பாம்பர்க்கை எடுங்கள். 1623 முதல் அங்கே ஆட்சி செய்தவர் யோஹான் கேயோர்க் ஃபுக்ஸ் ஃபொன் டோர்ன்ஹைம். ஆயரும் (பிஷப்பும்) அவரே, அரசரும் அவரே. சூனிய வழக்குக் கைதிகளை அடைக்கவென்றே 1627இல் 'ட்ரூடன்ஹவுஸ்' என்று தனிச் சிறை கட்டினார். செங்கோலும் ஆயர் கோலும் ஒரே கையில் இருக்கும்போது, எரித்தது செங்கோல்தான், ஆயர் கோல் சும்மா இருந்தது என்கிறீர்களா?

அந்த ஊரின் முன்னாள் நகரத் தலைவர் யோஹான்னஸ் யூனியுஸ் சிறையிலிருந்து மகளுக்கு எழுதிய கடிதம் கிடைத்திருக்கிறது. தேதி 1628 ஜூலை 24. விரல் நெரிக்கும் திருகு மாட்டியதில் கை விளங்காமல் போய், நாள்கணக்கில் கஷ்டப்பட்டு எழுதியது. கையைப் பின்னால் கட்டிக் கயிற்றில் எட்டு முறை தூக்கிக் கீழே விட்டார்கள். 'எதையாவது இட்டுக்கட்டிச் சொல்லிவிடுங்கள் ஐயா, இதைத் தாங்க உங்களால் ஆகாது' என்று கெஞ்சியது வேறு யாருமல்ல, சித்திரவதை செய்த ஆளே. ஒப்புக்கொண்டார். அதோடு விட்டார்களா? தெருத்தெருவாகக் கூட்டிப்போய், இந்தத் தெருவில் யார், அடுத்த தெருவில் யார் என்று பெயர் கேட்டார்கள். ஆகஸ்டில் கொன்றுவிட்டார்கள்.

ஏடுபுரட்டி:
பாம்பர்க் கொடூரத்தை யாரும் மறுக்கவில்லை. ஆனால் அங்கே இன்க்விசிஷன் மன்றம் கால் வைக்கவே இல்லை. நடந்தது 'கரோலினா' என்ற 1532ஆம் ஆண்டுப் புனித ரோமப் பேரரசின் குற்றவியல் சட்டத்தின் பெயரில். போதிய அடையாளம் இல்லாமல் சித்திரவதை கூடாது, விடையைக் கேள்விக்குள்ளேயே வைத்துக் கேட்கக் கூடாது, வலியில் சொன்னதை வலி நின்ற பிறகு மறுபடி கேட்டு உறுதி செய்ய வேண்டும் என்றெல்லாம் அந்தச் சட்டமே சொல்கிறது. பாம்பர்க்கில் சட்டம் இல்லாமல் போகவில்லை. இருந்த சட்டத்தில் ஓட்டை போட்டார்கள். மறுபடி சித்திரவதை செய்யச் சட்டம் விடவில்லையா? 'புதிதாகத் தொடங்கவில்லை, முன்பு நிறுத்தியதைத் தொடர்கிறோம்' என்று எழுதிக்கொண்டார்கள்.

இதை வெளுத்து வாங்கியது யார்? 1631இல் பெயர் போடாமல் 'கௌட்சியோ க்ரிமினாலிஸ்' நூலை வெளியிட்ட ஃப்ரீட்ரிஷ் ஷ்பே. அவர் கத்தோலிக்கத் துறவற சபையான இயேசு சபையின் குரு.

தாமிரபரணி:
பெயர் போடாமல் ஏன் வெளியிட வேண்டியிருந்தது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

சரி, இன்க்விசிஷனே நேரடியாக நடத்திய வழக்குக்கு வருவோம். ஸ்பெயினில் லொக்ரோன்யோ, 1610 நவம்பர் 7, 8. பாஸ்க் மலையடிவாரத்துச் சுகார்ராமுர்தி கிராமத்திலிருந்தும் சுற்றுவட்டாரத்திலிருந்தும் பிடித்து வந்த 31 பேருக்குச் சூனிய வழக்கில் பொதுமேடையில் தீர்ப்பு வாசித்தார்கள். 6 பேரை உயிரோடு எரித்தார்கள். சிறையிலேயே செத்துப்போன 5 பேருக்கு உருவப்பொம்மை செய்து, தோண்டி எடுத்த எலும்போடு எரித்தார்கள். யார் எரிந்தார்கள் என்று பாருங்கள். 'ஆமாம், கிடா உருவில் வந்த சாத்தானைக் கும்பிட்டேன்' என்று ஒப்புக்கொண்டவர்களில் பெரும்பாலோர் பிழைத்தார்கள். 'சாத்தானின் கூட்டத்துக்கு நான் போகவே இல்லை' என்று சொன்னவர்கள்தான் எரிந்தார்கள்.

அப்போதும் காகிதத்தில் திருச்சபை கொல்லவில்லை. கைதியை அரசு அதிகாரியிடம் ஒப்படைத்து, இரக்கம் காட்டும்படி ஒரு வேண்டுகோளும் எழுதிக் கொடுக்கும். அந்த வேண்டுகோளை நிஜமென்று நம்பி அதிகாரி எரிக்காமல் விட்டால், அவரே சபைநீக்கத்துக்கு ஆளாவார். உங்கள் 'அரசு நீதிமன்றம்' கணக்கில் இப்படிப்பட்டவை எத்தனை?

ஏடுபுரட்டி:
இன்க்விசிஷன் ஒப்படைத்த வழக்குகளை இன்க்விசிஷன் கணக்கில்தான் எழுதுகிறார்கள். அதனால் அந்த 11 பேர் என் எண்ணிக்கைக்குள் ஒளிந்திருக்கவில்லை.

லொக்ரோன்யோவைச் சொன்னால் முழுவதும் சொல்லுங்கள். மூன்று விசாரணையாளர்களில் இளையவர் அலொன்சோ தெ சலாசார் ஃப்ரியாஸ். 1611 மே மாதம், ஒப்புக்கொண்டால் மன்னிப்பு என்ற அறிவிப்போடு மலைக்கிராமங்களுக்குப் போனார். 1,802 பேர் வந்தார்கள். 1,384 பேர் குழந்தைகள். முன்பு சொன்னது பொய் என்று 81 பேர் பின்வாங்கினார்கள்.

அவர் செய்த வேலையைக் கவனியுங்கள். சூனிய மருந்து என்று கொண்டுவந்த 22 சட்டி, பானைகளை மருத்துவர்களிடமும் மருந்து கலப்பவர்களிடமும் கொடுத்தார். விலங்குகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். ஒன்றுக்கும் ஒன்றும் ஆகவில்லை. பல சட்டிகள் தொல்லை தாங்காமல் ஏதோ கொழுப்பையும் கரியையும் குழைத்துக் கொடுத்தவை. சாத்தானோடு கூடினோம் என்ற பெண்களை மருத்துவச்சிகளிடம் காட்டினார். கன்னியாகவே இருந்தார்கள். கூட்டம் நடப்பதாகச் சொன்ன இடத்துக்கு யோவான் திருநாள் இரவில் தன் எழுத்தர்களை அனுப்பினார். ஈ காக்கை இல்லை. பேச்சும் எழுத்தும் கிளம்பும்வரை அங்கே சூனியக்காரியும் இல்லை, சூனியத்தால் பாதிக்கப்பட்டவரும் இல்லை என்று அறிக்கை எழுதினார்.

1614 ஆகஸ்ட் 29இல் இன்க்விசிஷனின் தலைமை மன்றம் புது நெறிமுறையே அனுப்பியது. ஆலங்கட்டி விழுந்தது என்றால் அந்தப் பருவத்தில் இயல்பாக விழுமா என்று பார். பின்வாங்குபவரைத் தண்டிக்காதே. அதன்பின் ஸ்பெயினின் மத விசாரணை மன்றம் சூனியத்துக்காக எரிப்பதை ஏறக்குறைய நிறுத்திவிட்டது. அதே மலைக்கு மறுபக்கம், 1609இல் பிரெஞ்சு அரசு நீதிபதி பியேர் தெ லாங்க்ர் என்ன செய்தார் என்று படித்துவிட்டு வாருங்கள்.

மூன்றாம்பிறை:
இரண்டு பேரும் யார் நீதிபதி என்றே பார்க்கிறீர்கள். வழக்கு எந்த இடத்தில் பற்றிக்கொள்கிறது என்று பாருங்கள். ஒருத்தி பக்கத்து வீட்டு மாட்டைக் கொன்றாள் என்றால் அது ஒரு வழக்கு, அதோடு முடியும். இரவுக் கூட்டத்துக்குப் போனாள் என்று எழுதிவிட்டால், கூட்டத்தில் வேறு யார் இருந்தார்கள் என்ற கேள்வி தானாக வரும். ஒருவர் பத்துப் பெயர் சொன்னால் பத்தும் நூறாகும். ஷ்பே சுட்டிக்காட்டியதும் இந்தச் சங்கிலியைத்தான்.

அதற்குச் சித்திரவதை கட்டாயம்கூட இல்லை. 1692இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் உள்ள சேலம் என்ற ஊரில் 19 பேரைத் தூக்கிலிட்டார்கள். எரிக்கவில்லை, அது ஆங்கிலச் சட்டம். ஒப்புக்கொண்டு, பின்வாங்காமல் இருந்தவர் எவரும் தூக்கில் தொங்கவில்லை. அப்படியானால் ஒப்புக்கொள்வதே பிழைக்கும் வழி, கூட நாலு பெயர் சொல்வது அதற்கு விலை. அங்கே ஆயரும் இல்லை, இன்க்விசிஷனும் இல்லை.

தாமிரபரணி:
சங்கிலி பற்றிச் சொன்னது சரி. சலாசாரையும் ஒத்துக்கொள்கிறேன். அவருடைய சோதனை அருமையானது, ஆனால் சூனியத்துக்கு மட்டும்தான் செல்லுபடியாகும். சூனியம் என்றால் சட்டி இருக்க வேண்டும், செத்த மாடு இருக்க வேண்டும், கூட்டம் நடந்த புல்வெளி இருக்க வேண்டும். பதிதம், அதாவது திருச்சபைக் கொள்கைக்கு மாறான நம்பிக்கை, அதற்கு என்ன இருக்கிறது? மனசுதான் இருக்கிறது. அதை எந்த விலங்குக்குக் கொடுத்துச் சோதிப்பது?

1559இல் ஸ்பெயினின் வல்யதோலிதில் மே மாதமும் அக்டோபரிலும் லூத்தரன்கள் (மார்ட்டின் லூத்தரின் புராட்டஸ்டன்ட் வழியினர்) என்று எரித்தார்களே, அவர்களில் பலர் உண்மையாகவே மாற்று நம்பிக்கை கொண்டவர்கள். அங்கே சாட்சி பொய்யா என்று துருவிப் பார்ப்பதால் யாரும் தப்பமாட்டார்கள். நீங்கள் மெச்சும் லொக்ரோன்யோ மேடையிலேயே மொத்தம் 53 பேருக்குத் தீர்ப்பு வந்தது. 31 போக மிச்சம் 22 பேருக்காக எந்த எழுத்தரும் இரவில் புல்வெளிக்குப் போகவில்லை.

ஏடுபுரட்டி:
22 பேரும் பதிதர்கள் அல்ல, சில்லறைக் குற்றங்களும் அதில் உண்டு. ஆனால் உங்கள் வாதம் சரி, பதிதத்துக்கு அந்தச் சோதனை உதவாது. நானும் ஒன்றைச் சேர்க்கிறேன், எனக்கே எதிரானதுதான். சாத்தான் இல்லை என்றோ, சூனியம் நடக்கவே நடக்காது என்றோ சலாசார் எழுதவில்லை. 1614 நெறிமுறையும் சூனியத்தைக் குற்றப் பட்டியலிலிருந்து எடுக்கவில்லை. அவர் கேட்டது ஒன்றே ஒன்று: 'இந்த வழக்கில் ஆதாரம் எங்கே?'

தாமிரபரணி:
அதை 1610 நவம்பருக்கு முன்னால் மற்ற இரண்டு விசாரணையாளர்களும் கேட்டிருந்தால் அந்த 11 பேர் எரிந்திருக்க மாட்டார்கள்.