புதுப்பிப்பு: ராணிப்பேட்டை அலுவலகத்துக்கு வாங்கிய பிரிண்டரும் டோனர் செலவும்

ராணிப்பேட்டையிலுள்ள எங்கள் தோல் ஏற்றுமதி அலுவலகத்துக்கு இங்க் டேங்க் பிரிண்டர் வாங்குவதா, கறுப்பு வெள்ளை லேசர் வாங்குவதா என்று முன்பு கேட்டிருந்தேன். பிரிண்டரின் விலையைவிடப் பக்கத்துக்கு ஆகும் செலவைப் பாருங்கள் என்று நண்பர்கள் சொன்னதை வைத்து, தாளின் இரு பக்கமும் தானாக அச்சிடும் லேசர் ஒன்றை வேலூரில் வாங்கிவிட்டோம்.

பக்கத்துக்கு ஆகும் செலவைக் கணக்கிட, டோனரின் (லேசரில் மைக்குப் பதிலாகப் பயன்படும் தூள்) விலையை அது தரும் பக்கங்களின் எண்ணிக்கையால் வகுத்து, டிரம்மை (தூளைத் தாளில் பதிக்கும் உருளை) தனியாக மாற்ற வேண்டிய மாடலானால் அதன் பங்கையும் அவ்வாறே கூட்டிக்கொள்ள வேண்டும். பெட்டியில் அச்சிட்டிருக்கும் பக்கக் கணக்கு ஐஎஸ்ஓ 19752 தரமுறையின் மாதிரிப் பக்கங்களை வைத்துச் சொல்லப்படுவது; அவற்றில் தூள் படிவது தாளின் பரப்பில் ஏறத்தாழ 5 சதவீதம்தான். எங்கள் பேக்கிங் லிஸ்டின் தலைப்பிலோ அகலமான கறுப்புப் பட்டை இருந்தது. அதை எடுத்துவிட்டு மெல்லிய கோடு போட்டோம். புது பிரிண்டருடன் வரும் டோனர் பல மாடல்களில் குறைவாகவே நிரப்பப்பட்டிருக்கும் என்பதால், கணக்கில் அதைச் சேர்க்கக் கூடாது.

டோனர் குறைகிறது என்ற விளக்கு எரிந்தவுடன் மாற்றிவிடாதீர்கள். தூள் இருக்கும் கார்ட்ரிட்ஜை வெளியே எடுத்து, மட்டமாகப் பிடித்துப் பக்கவாட்டில் மெல்ல ஆட்டிப் போட்டால், ஒதுங்கிய தூள் பரவி மேலும் பல பக்கங்கள் தெளிவாக வரும். எழுத்து மங்கிய பிறகு மாற்றினால் போதும்.

வண்ணப் படிகளுக்குப் பழைய இங்க்ஜெட்டையே வைத்திருக்கிறோம். சும்மா கிடந்தால் மை வரும் முனை அடைத்துக்கொள்ளும், சுத்தம் செய்யும்போதெல்லாம் மை வீணாகும் என்பதால், வாரம் ஒரு வண்ணப் பக்கமாவது எடுக்கச் சொல்லியிருக்கிறேன்.

டோனர் ரீஃபில் பற்றிக் கேட்டவர்களுக்கு: தரமற்ற தூள் டிரம்மைக் கெடுக்கக்கூடும் என்பதால், வாரண்டி முடியும்வரை அந்தப் பக்கம் போகப்போவதில்லை.