நீர்க்கடுப்புக் கிருமியாலதான் அப்பாவுக்கு புராஸ்டேட் கேன்சர் வந்துச்சா?

கெடிலக்கரை:
அப்பாவுக்கு 69 வயசு. கடலூர் முதுநகர்லேர்ந்து முப்பது வருஷம் லாரி ஓட்டினவர். போன மாசம் பயாப்சி ரிசல்ட் வந்துச்சு, புராஸ்டேட்ல, அதாவது ஆம்பளைங்களுக்கு மூத்திரப் பைக்குக் கீழ இருக்கற சுரப்பியில, கேன்சர். அன்னிலேர்ந்து ஒரே புலம்பல். "வண்டிய நிறுத்த முடியாம அடக்கி அடக்கி வச்சேன், நாலு தடவ நீர்க்கடுப்பு வந்துச்சு, அந்தக் கிருமிதான் உள்ளயே தங்கிடுச்சு"ங்கறார். தெருவுல ஒருத்தர், லாரிக்காரனுக்குக் கெட்ட சகவாசத்துல வந்த வியாதின்னு பேசினது வேற அவர் காதுல விழுந்துடுச்சு. நேத்து அம்மா அவருக்குன்னு தனி டம்ளர், தனித் துண்டு எடுத்து வச்சாங்க. அப்பா அந்த டம்ளரைக் கையில உருட்டிக்கிட்டே உட்கார்ந்திருந்தார், தண்ணி குடிக்கல. இன்ஃபெக்‌ஷனால இந்தக் கேன்சர் வருமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

லேப் அக்கா, புதுச்சேரி:
தம்பி, முதல்ல அந்த டம்ளரை உள்ள வைக்கச் சொல்லுங்க. இது ஒட்டுவாரொட்டி இல்ல. பதினேழு வருஷமா கிருமி பார்க்கறதுதான் என் வேலை.

கிருமியால வர்ற கேன்சர் உண்டு. கர்ப்பப்பை வாய்க்கு ஹெச்பிவிங்கற வைரஸ், கல்லீரலுக்கு ஹெபடைட்டிஸ் பி, சி வைரஸ். கர்ப்பப்பை வாய்க் கேன்சருக்கு ஹெச்பிவிதான் காரணம்னு காட்டினவருக்கு 2008ல நோபல் பரிசே கிடைச்சது. புராஸ்டேட்டுக்கு அப்படி ஒரு கிருமியும் நிரூபணம் ஆகல. தேடாம இல்ல. 2006ல எக்ஸ்எம்ஆர்வின்னு ஒரு வைரஸை புராஸ்டேட் கட்டியில பார்த்ததா அமெரிக்காவுல சொன்னாங்க. கடைசியில அது எலி உடம்புல வளர்த்த ஆய்வுக்கூட செல்லுலேர்ந்து வந்த கலப்படம். 2012ல கட்டுரையை வாபஸ் வாங்கிட்டாங்க. லேப்ல கிருமி வளர்க்கற தட்டை ஒரு நிமிஷம் மூடாம விட்டாலே கேட்காத விருந்தாளி முளைக்கும், அதைத் தினம் பார்க்கறவ நான்.

டிரைக்கோமோனாஸ்னு ஒரு பால்வினைக் கிருமியையும் பார்த்தாங்க. ஒரு ஆய்வு தொடர்பு இருக்குங்குது, இன்னொண்ணு இல்லேங்குது. நாள்பட்ட அழற்சி, அதாவது உள்ளுக்குள்ள ஆறாம இருக்கற வீக்கம், செல்லைக் கெடுக்கலாம்னு ஒரு கருத்தும் ஆராய்ச்சியில இருக்கு. ஆனா அதை வச்சு உங்க அப்பா நடத்தையைப் பேச யாருக்கும் உரிமை இல்ல. அடக்கி வச்சதால வந்துச்சுங்கறதுக்கும் ஆதாரம் கிடையாது. உறுதியா தெரிஞ்சதுல முக்கியமானது வயசும், ரத்த சொந்தத்துல யாருக்காவது இருக்கறதும்.

முத்தியால்பேட்டை பெரியவர்:
தம்பி, என் கதை. குளிர் காய்ச்சலோட நீர்க்கடுப்பு, பிஎஸ்ஏன்னு புராஸ்டேட்டுக்கு எடுக்கற ரத்த டெஸ்ட்ல அளவு 14க்கு ஏறியிருந்துச்சு. ஒரு இடத்துல அன்னிக்கே கேன்சர்னு சொல்லி வீட்டையே அழ வச்சுட்டாங்க. அப்புறம் கோரிமேட்டு ஆஸ்பத்திரியில காட்டினேன். மருந்து முடிஞ்சு ரெண்டு மாசம் கழிச்சு எடுத்தா 2.9. நீர்க்கடுப்புக் கிருமி தொத்தினாலே பிஎஸ்ஏ ஏறலாம். ஏறினதால மேல மேல டெஸ்ட் எடுப்பாங்க, அதுல ஏற்கெனவே இருந்த கேன்சர் சிலருக்குக் கண்ணுல படும். பார்க்கறவங்களுக்கு கிருமியாலேயே கேன்சர் வந்த மாதிரி தோணும். உங்க அப்பா விஷயமும் இப்படி இருக்கலாம்.

கெடிலக்கரை:
ஐயா, அப்படியேதான். நீர்க்கடுப்புன்னு போனப்பதான் பிஎஸ்ஏ பார்த்தாங்க, மருந்துக்கு அப்புறமும் இறங்கல. அக்கா எழுதினதை அம்மா பக்கத்துல உட்கார்ந்து வாசிச்சேன், "நடத்தை"ங்கற இடத்துல அப்பா துண்டால முகத்தை மூடிக்கிட்டார். டம்ளர் இப்ப அரிசிப் பானையில அளவுக்குக் கிடக்கு. சித்தப்பா நெய்வேலியில இருக்கார், 61 வயசு. அவரும் டெஸ்ட் எடுத்துப் பார்க்கணுமா அக்கா?

லேப் அக்கா, புதுச்சேரி:
டாக்டரைப் பார்த்து பிஎஸ்ஏ பத்திக் கேட்கச் சொல்லுங்க. இப்ப நீர்க்கடுப்பு இருந்தா அதையும் மறைக்காம சொல்லணும். உங்களுக்கு என்ன வயசு?