அசுவினிக்கும் நாற்றழுகலுக்கும் உயிரியல் முறையில் தீர்வு உண்டா?

கேள்வி:
கத்தரிச் செடிகளின் இளந்தளிர்களில் அசுவினி என்னும் சாறுறிஞ்சும் சிறு பூச்சி அடர்ந்திருக்கிறது. புதிய நாற்றுகளோ தண்டின் அடி அழுகிச் சாய்கின்றன. இரசாயன மருந்தின்றி இவ்விரண்டையும் கட்டுப்படுத்த இயலுமா?

மறுமொழி 1:
இயலும். முதலில் தளிர்களில் எறும்புகள் ஊர்கின்றனவா என்று பாருங்கள். அசுவினி வெளியேற்றும் இனிப்பான திரவத்துக்காக எறும்புகள் அவற்றைக் காவல் காத்து, அசுவினியைத் தின்னும் பொறிவண்டுகளை விரட்டிவிடும் என்பதால், எறும்பைத் தடுக்காமல் எத்தனை பொறிவண்டுகளை விட்டாலும் முழுப் பயன் கிடைக்காது. கருநிற உடலில் ஆரஞ்சுப் புள்ளிகளுடன் நீண்டிருக்கும் புழுக்களைத் தயவுசெய்து நசுக்காதீர்கள். அவை பெரும்பாலும் பொறிவண்டின் இளம்பருவமாகவே இருக்கும், அசுவினியைப் பெருமளவில் தின்னும். 1888-இல் ஆஸ்திரேலியாவிலிருந்து கலிபோர்னியாவுக்குக் கொண்டுசெல்லப்பட்ட வெடாலியா பொறிவண்டு, அங்கே ஆரஞ்சுத் தோட்டங்களை அழித்துவந்த செதிள்பூச்சியை ஓரிரு ஆண்டுகளில் அடக்கியது; இம்முறையின் ஆற்றலுக்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

மறுமொழி 2:
நாற்றழுகலுக்கு டிரைக்கோடெர்மா என்னும் நன்மை செய்யும் பூஞ்சை ஏற்றது. அது நோய்ப்பூஞ்சையின் இழைகளைச் சுற்றிப் படர்ந்து, அவற்றின் சுவரைச் சிதைத்து உணவாக்கிக்கொள்கிறது. சாய்ந்துவிட்ட நாற்றை அது மீட்காது என்பதால், நன்கு மட்கிய உரத்துடன் கலந்து விதைப்பதற்கு முன்பே மண்ணில் இடவேண்டும். இரசாயனப் பூஞ்சைக்கொல்லிகளுடன் அதைக் கலக்கக் கூடாது. நாற்றங்காலில் நீர் தேங்கினால் இவை எதுவும் பலிக்காது.

கேட்டவர்:
மிக்க நன்றி. காய்ப்புழுவுக்கும் பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்னும் பாக்டீரியாவைத் தெளிக்கலாமா?

மறுமொழி 2:
புழு காய்க்குள் நுழையுமுன் தெளித்தால் மட்டுமே பயன் உண்டு; அந்தப் பாக்டீரியாவைப் புழு தின்றாக வேண்டும். வெயிலில் அதன் வீரியம் குறையும், ஆகவே மாலையில் தெளியுங்கள்.