எஃப்சிஎன்டிஎல் பூட்டு போட்டும் ஒரே எண் இரண்டு சீட்டுகளில் வருகிறது

கணினித்தறி கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். நான் வேலை பார்க்கும் கிடங்கில் சரக்கு ஏற்றிய ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு வெளியேற்றுச் சீட்டு அச்சாகிறது. அடுத்த சீட்டின் வரிசை எண் ஒரு சிறு கோப்பில் இருக்கிறது. ஐந்து மேசைகளுக்கும் ஐந்து புராசஸ்கள் (தனித்தனியே ஓடிக்கொண்டிருக்கும் நிரல்கள்). ஐந்தும் ஒரே லினக்ஸ் கணினியில் ஓடுகின்றன. நிரல் சி மொழியில் நான் எழுதியது. ஒவ்வொரு புராசஸும் கோப்பைத் திறந்து, எஃப்சிஎன்டிஎல் (கோப்புக்குப் பூட்டு கேட்க உதவும் அழைப்பு) வழியாக எழுதுபூட்டு வாங்கி, எண்ணைப் படித்து, ஒன்று கூட்டித் திரும்ப எழுதிவிட்டுப் பூட்டை விடுவிக்கிறது. பூட்டு கிடைக்கும்வரை காத்திருக்கும் எஃப்_செட்எல்கேடபிள்யூ கட்டளையைத்தான் பயன்படுத்துகிறேன். தொடக்கமும் நீளமும் சுழியம் என்பதால் முழுக் கோப்பும் பூட்டுக்குள் வந்துவிடுகிறது. திரும்பும் மதிப்பையும் ஒவ்வொரு முறையும் சரிபார்க்கிறேன்.

இரண்டு ஆண்டுகள் ஒரு குறையும் இல்லாமல் ஓடிய நிரல் இது. சென்ற மாதம் தணிக்கைப் பதிவுக்காக ஒரு சிறு பகுதியைச் சேர்த்தேன். அதன் பிறகு மூன்று முறை ஒரே எண் இரண்டு சீட்டுகளில் வந்துவிட்டது. இரண்டு வண்டிகளுக்கு ஒரே சீட்டு எண் என்றால் வாயிற்காவலர் ஒன்றை நிறுத்திவிடுவார். ஓட்டுநர்தான் வெயிலில் காத்திருக்க வேண்டியிருக்கிறது. பூட்டும் பகுதியை மட்டும் தனியே எடுத்து, ஐந்து புராசஸ்களாக இலட்சம் சுற்று ஓட்டிப் பார்த்தேன். ஓர் எண்கூட இரட்டிக்கவில்லை. தவறு எங்கே இருக்கக்கூடும்?

வடகரை எழுதியது:

முதலில் ஒன்றை உறுதிசெய்துகொள்ளுங்கள். இது அறிவுரைப் பூட்டு. பூட்டு கேட்பவர்களை மட்டுமே அது தடுக்கும்; கேட்காமல் நேரே வந்து எழுதுபவரைக் கர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) தடுக்காது. கட்டாயப் பூட்டு என்ற ஒன்று லினக்ஸில் முன்பு இருந்தது. 2021இல் வந்த 5.15 பதிப்பில் அதை எடுத்துவிட்டார்கள். ஆகவே அந்தக் கோப்பைத் தொடும் வேறு ஸ்கிரிப்டு ஏதேனும் உண்டா? கோப்பு என்எஃப்எஸ் (வலையமைப்பில் கோப்பைப் பகிரும் முறை) வழியாக வேறொரு கணினியில் இருக்கிறதா? ஒரே புராசஸுக்குள் பல இழைகள் (ஒரே நேரத்தில் ஓடும் பணிகள்) ஓடுகின்றனவா? இழைகள் என்றால் இந்தப் பூட்டு அவற்றை ஒன்றிடமிருந்து ஒன்று காக்காது, ஏனெனில் கர்னலின் கணக்கில் அவை எல்லாம் ஒரே உரிமையாளர். எஸ்டிரேஸ் (நிரல் கர்னலிடம் செய்யும் அழைப்புகளைக் காட்டும் கருவி) வைத்து ஒரு சீட்டுக்கான அழைப்புகளைப் பிடித்து வரிசையாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

கணினித்தறி:

வேறு எந்த ஸ்கிரிப்டும் தொடுவதில்லை, கோப்பு அதே கணினியின் வட்டில்தான் இருக்கிறது, இழைகளும் இல்லை. எஸ்டிரேஸில் வந்த வரிசை இது: எண் கோப்பைத் திறந்ததில் 7ஆம் டிஸ்கிரிப்டர் (திறந்த கோப்பைக் குறிக்கும் எண்) கிடைக்கிறது, 7இல் எழுதுபூட்டு கிடைக்கிறது, அதே கோப்பை மறுபடி திறந்ததில் 9 கிடைக்கிறது, 9இலிருந்து படித்து, 9ஐ மூடுகிறது, தணிக்கைக் கோப்பில் ஒரு வரி சேர்கிறது, பிறகு 7இலிருந்து படித்து, 7இல் எழுதி, பூட்டை விடுகிறது. இடையில் 9ஆக வருவது நான் புதிதாகச் சேர்த்த பகுதி. பழைய எண்ணைத் தணிக்கையில் குறித்துவைக்க அது கோப்பைத் தானே திறந்து படிக்கிறது. படிக்க மட்டுமே திறக்கிறது, பூட்டைத் தொடுவதே இல்லை.

கர்னல்வாசி எழுதியது:

9ஐ மூடிய அந்த இடத்தில்தான் உங்கள் பூட்டு போய்விட்டது.

நம்மில் பலரும் பூட்டு 7ஆம் டிஸ்கிரிப்டரில் தொங்குவதாக நினைத்துக்கொள்கிறோம். பாசிக்ஸ் (யுனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான பொதுத் தரநிலை) வகுத்த இந்தப் பழைய பூட்டு அப்படிப்பட்டதல்ல. அது ‘இந்தப் புராசஸ், இந்த ஐநோடு’ என்ற இணையின் பெயரில் பதிவாகிறது (ஐநோடு என்பது வட்டில் ஒரு கோப்பைக் குறிக்கும் உள்பதிவு), எந்த டிஸ்கிரிப்டர் வழியாக வாங்கினீர்கள் என்பதைக் கர்னல் நினைவில் வைப்பதில்லை. அதனால், அதே கோப்பைச் சுட்டும் ஏதேனும் ஒரு டிஸ்கிரிப்டரை அந்தப் புராசஸ் மூடினால், அந்தக் கோப்பின் மீது அது வைத்திருக்கும் எல்லாப் பூட்டுகளும் அக்கணமே விடுபட்டுவிடுகின்றன. எந்தப் பிழைக்குறியும் வராது. பின்னர் நீங்கள் முறையாக விடுவிக்கும்போதும், இல்லாத பூட்டை விடுவிப்பது பிழையல்ல என்பதால், அழைப்பு வெற்றி என்றே திரும்பும். 9ஐ மூடியதற்கும் 7இல் எழுதியதற்கும் இடையிலுள்ள சிறு இடைவெளியில் அடுத்த மேசை உள்ளே நுழைந்து அதே பழைய எண்ணைப் படித்துவிடுகிறது. உங்கள் தனிச் சோதனையில் தணிக்கைப் பகுதி இல்லை. ஆகவே இலட்சம் சுற்றிலும் தவறு தெரியவில்லை.

இதை நான் வெறும் விநோதமாகப் பார்க்கவில்லை. வடிவமைப்பிலேயே உள்ள பெரும் குறையாகக் கருதுகிறேன். நீங்கள் அழைக்கும் ஒரு நூலகம் உங்களுக்குத் தெரியாமல் அதே கோப்பைத் திறந்து மூடினாலும் கதை இதுதான். எஸ்கியூலைட் என்ற தரவுத்தள நூலகம் இதற்காகவே ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறது: தரவுக் கோப்பின் மீது பூட்டு இருக்கும்வரை, மூட வேண்டிய டிஸ்கிரிப்டர்களை மூடாமல் ஒதுக்கிவைத்து, பூட்டுகள் எல்லாம் நீங்கிய பிறகே மூடுகிறது.

உங்களுக்கு உடனடித் தீர்வு, தணிக்கைப் பகுதி கோப்பைத் தானே திறக்காமல், 7இல் படித்த எண்ணை வாங்கிக்கொள்வது. ஆனால் அதோடு நிறுத்தாமல் திறந்தகோப்புப் பூட்டுக்கு மாறிவிடுங்கள். லினக்ஸ் 3.15இலிருந்து, அதாவது 2014 முதல், அது இருக்கிறது. 2024 பாசிக்ஸ் பதிப்பிலும் சேர்ந்துவிட்டது. கட்டளை எஃப்_ஓஎஃப்டி_செட்எல்கேடபிள்யூ. அதே கட்டமைப்புதான், புராசஸ் எண்ணுக்கான எல்_பிட் புலம் மட்டும் சுழியமாக இருக்க வேண்டும், இல்லையென்றால் தவறான மதிப்பு என்று கர்னல் மறுத்துவிடும். இந்தப் பூட்டு, கோப்பைத் திறந்த அந்த ஒரு திறப்புக்கே உரியது. தனியே திறந்த 9ஐ மூடினால் அசையாது. ஒரே ஓர் எச்சரிக்கை: பழைய வகையில் இரண்டு புராசஸ்கள் ஒன்றுக்கொன்று காத்து முட்டிக்கொண்டால் கர்னல் கண்டுபிடித்து ஒன்றைத் திருப்பியனுப்பும், இதில் அந்தச் சோதனை கிடையாது.

வடகரை:

அருமையான விளக்கம். ஃபோர்க் (சேய்ப் புராசஸை உருவாக்கும் அழைப்பு) பற்றி ஒன்று சேர்க்கிறேன், சீட்டு அச்சிட இவர் சேய்ப் புராசஸ் தொடங்குவார் என்று நினைக்கிறேன். பழைய பூட்டு சேய்க்குப் போகாது. திறந்தகோப்புப் பூட்டில் சேயும் அதே திறப்பைப் பகிர்ந்துகொள்கிறது. தாய் பூட்டை விடாமலே இறந்துபோனால், அச்சு வேலை முடியும்வரை சேய் அதைப் பிடித்துக்கொண்டிருக்கும். கோப்பைத் திறக்கும்போதே ஓ_க்ளோஎக்ஸெக் கொடியைச் சேர்த்துவிட்டால், சேய் அச்சு நிரலாக மாறும் தருணத்தில் டிஸ்கிரிப்டர் தானே மூடிக்கொள்ளும். இன்னொன்று, எண் கோப்பைப் புதிதாக எழுதிப் பெயர்மாற்றிப் பழையதன் இடத்தில் வைக்கும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள்; பூட்டு பழைய ஐநோடிலேயே தங்கிவிடும், புதிய கோப்பைத் திறப்பவர் தடையில்லாமல் போய்விடுவார்.

கணினித்தறி:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. தணிக்கைப் பகுதிக்கும் எழுதும் பகுதிக்கும் நடுவே வேண்டுமென்றே இரண்டு நொடி உறங்கவைத்து, பழைய நிரலை இரண்டு முனையங்களில் ஓட்டினேன். முதல் முயற்சியிலேயே எண் இரட்டித்தது. புதிய கட்டளைக்கு மாறி, ஓ_க்ளோஎக்ஸெக் சேர்த்து, அதே உறக்கத்தோடு ஓட்டியபோது இரண்டாவது முனையம் அமைதியாகக் காத்திருந்தது. அந்த நேரத்தில் கர்னல் தன்னிடமுள்ள பூட்டுகளைப் பட்டியலிடும், ப்ராக் அடைவிலுள்ள லாக்ஸ் கோப்பைப் பார்த்தேன். பாசிக்ஸ் என்று இருந்த இடத்தில் ஓஎஃப்டிஎல்சிகே என்றும், புராசஸ் எண் இருந்த இடத்தில் -1 என்றும் இருக்கிறது. தணிக்கைப் பகுதியையும் எண்ணை வாங்கிக்கொள்ளும்படி திருத்திவிட்டேன். நாளைக் காலை முதல் வண்டிக்கு முன்பாக ஐந்து மேசைகளிலும் மாற்றிவிடுகிறேன்.