க்ளாக் 19-ஐக் கொடுத்துவிட்டு சி.இசட். 75 எடுக்கலாமா?

நண்பர்களே, ஒரு யோசனை சொல்லுங்கள். என் க்ளாக் 19 கைத்துப்பாக்கியை மாற்றாகக் கொடுத்துவிட்டு சி.இசட். 75 பி கைத்துப்பாக்கி எடுக்கலாமா என்று ஒரு மாதமாகக் குழம்பிக்கொண்டிருக்கிறேன். எனக்கு இலக்குப் பயிற்சி மட்டும்தான். இடுப்பில் வைத்துச் சுற்றும் வேலை இல்லை. இரண்டுமே 9 மி.மீ., அதனால் தோட்டா பிரச்சினை இல்லை.

க்ளாக் ஒருமுறைகூட மக்கர் செய்ததில்லை. ஆனால் நண்பரின் சி.இசட்.டைப் பிடித்துப் பார்த்ததிலிருந்து மனசு அங்கேயே நிற்கிறது. கைப்பிடி உள்ளங்கையில் அப்படியே உட்காருகிறது. எஃகுச் சட்டம், காலியாகவே ஏறக்குறைய ஒரு கிலோ. அந்தக் கனத்தில் உதைப்பு நன்றாக அடங்குகிறது. ஸ்லைடு (மேலே முன்னும் பின்னும் நகரும் பகுதி) சட்டத்துக்கு உள்பக்கமாக ஓடுவதால் பின்னுக்கு இழுக்கப் பிடிமானம் குறைவு. வியர்த்த விரல் இரண்டு முறை வழுக்கிவிட்டது!

பெரிய தயக்கம் விசைதான், அதாவது சுட விரலால் இழுக்கும் பகுதி. க்ளாக்கில் ஒவ்வொரு முறையும் ஒரே அழுத்தம். சி.இசட்.டில் தோட்டாவை வெடிக்கவைக்கும் பின்பக்கச் சுத்தியல் இறங்கியிருந்தால் முதல் குண்டுக்கு நீளமான, கனமான இழுப்பு, அப்புறம் லேசு. என் முதல் குண்டு எப்போதும் இலக்குக்குக் கீழேதான் போனது.

இப்படி மாறியவர்கள் இருக்கிறீர்களா? அந்த முதல் இழுப்பு கைக்குப் பழக எவ்வளவு நாள் பிடித்தது? க்ளாக்கைக் கொடுத்துவிட்டு யாராவது வருத்தப்பட்டதுண்டா?