பன்னிரண்டு கம்பிக் கிற்றாரோடு குரல்களை அடுக்குவதா, ஒரே மைக்கைச் சுற்றி நின்று பாடுவதா?

உவர்மலையான்:

அனைவருக்கும் வணக்கம். திருகோணமலை உவர்மலையில் உள்ள எங்கள் வீட்டின் பின்னறையில், நானும் மனைவியும் மட்டக்களப்பிலிருந்து விடுமுறைக்கு வந்திருக்கும் மச்சாளும் சேர்ந்து, சிறுவயதில் வானொலியில் கேட்டு மனத்தில் தங்கிப்போன பழைய பாடல்களைப் பன்னிரண்டு கம்பிக் கிற்றாரோடு பாடிப் பதிவு செய்கிறோம். ஹெட்போனில் தாளம் காட்டும் கிளிக் ஒலியைக் கேட்டபடி நான் முதலில் கிற்றாரை மட்டும் பதிவேன். அதன்மேல் மனைவி முதற்குரலைப் பாடுவார். பின்னர் மச்சாள் மேற்குரலையும் நான் கீழ்க்குரலையும் தனித்தனியே பாடுவோம். முதற்குரலோடு இசைந்து வேறு சுரத்தில் செல்லும் இவ்விரண்டு ஹார்மனிக் குரல்களையும் இரண்டிரண்டு தடவை பாடி, இடப்பக்கமும் வலப்பக்கமுமாக வைப்போம். எங்களிடம் இருப்பவை இரண்டு மைக்குகளை இணைக்கக்கூடிய ஓடியோ இன்டர்ஃபேஸ் ஒன்றும், சிறிய டயபிரம் கொண்ட கொண்டென்சர் மைக் ஒன்றும், பெரிய டயபிரம் கொண்டது ஒன்றுமே. காகங்களும் முச்சக்கரவண்டிகளும் அடங்கிய பிறகு, இரவு பத்து மணிக்கு மேல் மின்விசிறியையும் நிறுத்திவிட்டு, வியர்வை வழியத்தான் இந்த வேலை நடக்கிறது.

ஹெட்போனில் கேட்டால் நிறைவாக இருக்கிறது. ஒற்றை ஸ்பீக்கர் உள்ள கைப்பேசியில் கேட்டாலோ கிற்றாரும் குரல்களும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, பாட்டின் சொற்களே விளங்காமல் போகின்றன. இத்தனை தடவை அடுக்கினால் இப்படித்தான் இருக்கும், மூவரும் ஒரே மைக்கைச் சுற்றி நின்று ஒரே மூச்சில் பாடிவிடுங்கள் என்கிறார் என் மச்சான். அவர் சொல்வது சரிதானா?

நிலாவெளிக்காரன்:

உங்கள் மச்சானின் கட்சியில் என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டு கம்பிக் கிற்றார் என்பது ஆறு சோடிக் கம்பிகள். மேலிரண்டு சோடிகள் ஒரே சுருதியில் நிற்கின்றன. மற்ற நான்கு சோடிகளில் ஒரு கம்பி மற்றதற்கு ஒரு ஸ்தாயி மேலே நிற்கிறது. எவ்வளவு கவனமாகச் சுருதி சேர்த்தாலும் ஒரு சோடியின் இரு கம்பிகளும் இம்மியும் பிசகாமல் ஒத்துவருவதில்லை. அந்த மயிரிழை வேறுபாட்டினால்தான் இக்கருவிக்கே உரிய மினுமினுப்பு உண்டாகிறது. இருவர் சேர்ந்து வாசிப்பதுபோல் ஒலிக்கும் கருவி இது. அதன்மேல் ஒவ்வொரு ஹார்மனிக் குரலையும் இரண்டிரண்டாக அடுக்குவது, சர்க்கரைப் பொங்கலுக்குச் சீனிப்பாகு ஊற்றுவது போன்றது.

இன்னொரு காரணமும் உண்டு. மூவர் நேருக்கு நேர் நின்று பாடும்போது ஒருவர் குரலை மற்றவர் கேட்டுத் தம்மைத் திருத்திக்கொள்கிறார்கள். கிற்றாரின் கட்டைகள் (ஃபிரெட் என்னும் குறுக்குக் கம்பிகள்) தருகின்ற அந்தர காந்தாரம் (சட்சத்துக்கு நான்கு அரைச்சுரம் மேலே உள்ள சுரம்), இயற்கையான அந்தர காந்தாரத்தைவிட ஏறத்தாழ 14 சென்ட் கூடியது. சென்ட் என்பது அரைச்சுரத்தின் நூறில் ஒரு பங்கு. தம்புராவின் சட்சக் கம்பியைக் கூர்ந்து கேட்டால் உள்ளிருந்து மெல்ல எழுகிற காந்தாரம்தான் இயற்கையானது. சேர்ந்து பாடுவோரின் குரல் யாரும் சொல்லிக்கொடுக்காமலே அதை நோக்கிச் சரியும். தனியறையில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு பாடுபவருக்கு இது வாய்ப்பதில்லை. நம் பகுதிக் கூத்துகளில் அண்ணாவியாரின் பாட்டைப் பிற்பாட்டுக்காரர்கள் வாங்கிப் பாடுவதைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது. குரல்களின் அளவைச் சமன் செய்யவும் கருவி வேண்டியதில்லை. உரத்துப் பாடுபவர் ஓரடி பின்னால் நின்றால் போதும்.

அடுக்குக்குரல்:

நிலாவெளிக்காரன் அண்ணா சொல்வது அழகாக இருக்கிறது. ஆனால் கொங்கிறீற் சுவரும் ஓடு பதித்த தரையும் உள்ள ஓர் அறையில் மூவர் பாடுவதற்காக மைக்கைத் தள்ளி வைத்தால், அந்த மைக் குரலைவிட அறையைத்தான் கூடுதலாகப் பதியும். அது மட்டுமல்ல, பிக் என்னும் சிறு தகட்டினால் கோட் (பல சுரங்களைச் சேர்த்து எழுப்பும் ஒலி) அடிக்கும்போது பன்னிரண்டு கம்பிக் கிற்றாரின் சத்தம், வீட்டில் பாடிப் பழகிய சாதாரணக் குரலை எளிதில் மூழ்கடித்துவிடும். நான்காவது நிமிடத்தில் ஒருவர் சொல் பிசகினால் மூவரும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். எல்லார் ஒலியும் ஒரே பதிவுக்குள் கலந்துவிட்டால், பிறகு எதையும் தனியாகத் திருத்தவும் இயலாது.

காந்தாரத்தைப் பற்றியும் ஒன்று கேட்கிறேன். குரல்கள் 14 சென்ட் கீழே சரிந்தாலும், பக்கத்தில் ஒலிக்கும் கிற்றார் தன் கட்டையில் உள்ள காந்தாரத்தைத்தானே வாசித்துக்கொண்டிருக்கும்? சேர்ந்து பாடினாலும் தனித்துப் பாடினாலும் அந்த மோதல் மாறாது. கோட்டிலிருந்து காந்தாரத்தை நீக்கிவிட்டு, சட்சமும் பஞ்சமமும் மட்டும் வாசித்து, காந்தாரத்தைக் குரலிடமே விட்டுவிடுவதுதான் அதற்கு வழி.

உவர்மலையான் அண்ணாவின் சிக்கல் எனக்கு வேறாகத் தெரிகிறது. மூன்றாவது சோடியின் மெல்லிய கம்பி 392 ஹேர்ட்ஸில் ஒலிக்கிறது. 330 ஹேர்ட்ஸில் ஒலிக்கும் முதற்கம்பியைவிட அது மேலே நிற்கிறது. பெண்குரல்கள் பெரும்பாலும் உலவுகிற இடமும் அதுதான். அங்கே கோட்டை இடைவிடாமல் அடித்துக்கொண்டிருந்தால் முதற்குரலுக்கு இடம் எங்கே கிடைக்கும்? பாட்டு ஓடும்போது விரலால் பிரித்து வாசித்து, இடையிசையில் மட்டும் முழுக்கையாக அடித்துப் பாருங்கள். ஹார்மனி பாடுபவர்கள் சொல்லின் ஈற்றில் வரும் ச, க, ட போன்ற ஒலிகளை விழுங்கிப் பாட வேண்டும். மெய்யொலிகளை முதற்குரல் மட்டும் தெளிவாக உச்சரித்தால் போதும். ஐந்து குரல்களும் ஒவ்வொரு கணம் தள்ளித் தள்ளி ‘ச்’ என்றால் எந்தச் சொல்லும் விளங்காது.

போகட்டும், கிற்றாரை ஒரு மைக்கினால் பதிந்தீர்களா, இரண்டினாலா? தூரம் என்ன?

உவர்மலையான்:

இரண்டினால்தான், தங்கச்சி. சிறியது 12ஆம் ஃபிரெட்டுக்கு நேராக 25 சென்ரிமீற்றரில். பெரியது, கிற்றாரின் உடலில் கம்பிகள் கட்டப்பட்ட பிரிட்ஜ் பக்கமாக, ஏறத்தாழ 60 சென்ரிமீற்றரில். அகலமாக ஒலிக்கும் என்று அப்படி வைத்தேன்.

அடுக்குக்குரல்:

சந்தேகப்பட்டது சரியாகப் போயிற்று. தூர வேறுபாடு 35 சென்ரிமீற்றர். 30 பாகை செல்சியஸ் வெப்பத்தில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 349 மீற்றர் செல்கிறது. எனவே இரண்டாவது மைக்குக்கு அதே ஒலி ஒரு மில்லிநொடி பிந்தி வந்து சேர்கிறது. ஹெட்போனில் அவை இரண்டு காதுகளுக்கும் பிரிந்து போவதால் அகலமாகத் தோன்றும். ஒற்றை ஸ்பீக்கரில் இரண்டும் கலக்கும்போது 500, 1500, 2500 ஹேர்ட்ஸ் என்று வரிசையாக, ஒன்றையொன்று அழித்து ஒலியில் பள்ளங்கள் விழும். கிற்றார் மெலிந்து தகரம்போல் ஒலிப்பதற்கு அதுவே காரணமாக இருக்கக்கூடும். கிற்றாரின் ஒலி குறைந்துவிட்டதென்று நினைத்து நீங்கள் அதைக் கூட்டியிருப்பீர்கள், குரல் அமுங்கியிருக்கும். சிறிய மைக் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, மற்றதன் பதிவை அணைத்துவிட்டுக் கேட்டுப் பாருங்கள்.

நிலாவெளிக்காரன்:

இந்தக் கணக்கை நான் மறுக்கவில்லை. ஆனால் தங்கச்சி, ஒரே மைக் என்றால் இந்தப் பள்ளம் விழவே இடமில்லையே! நீங்கள் என் கட்சிக்குத்தான் சாட்சி சொல்கிறீர்கள்.

பாலையூற்றுப் பழையவன்:

பிள்ளைகள் இருவரும் மைக்கைப் பற்றியே பேசுகிறீர்கள். கிற்றாரையும் கொஞ்சம் பாருங்கள். எனக்கு வயது அறுபதைக் கடந்துவிட்டது. ஒரு காலத்தில் இங்குள்ள பறங்கி நண்பர்களின் கலியாண வீடுகளில் விடிய விடிய வாசித்தவன். ஆறு கம்பிக் கிற்றாரோடு ஒப்பிட்டால் பன்னிரண்டு கம்பியின் மொத்த இழுவிசை ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. கச்சான் வீசும் மாதங்களில் மரம் உலர்ந்து சுருங்கும் (இந்தியாவிலிருந்து வாசிப்பவர்கள் கடலையை நினைக்க வேண்டாம், இங்கே அது உலர்ந்த வெப்பக்காற்றின் பெயரும் கூட). வாடைக்காலத்து மழையில் அதே மரம் ஈரத்தைக் குடித்து உப்பும், கம்பியும் மேலே எழும்பும். பெட்டியைத் திறந்த கையோடு பதிவைத் தொடங்காமல், கிற்றாரை அரைமணி நேரமாவது அந்த அறையிலேயே இருக்கவிட்டு, பிறகு சுருதி சேருங்கள்.

எல்லாக் கம்பிகளையும் ஒரு முழுச்சுரம் இறக்கிவிட்டு, வேண்டுமானால் இரண்டாம் ஃபிரெட்டில் கேப்போ (எல்லாக் கம்பிகளையும் ஒருசேர அழுத்தும் கவ்வி) போடுங்கள். இழுவிசை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறையும். அடிக்கடி அறுந்து தொலைக்கும் அந்த மூன்றாவது சோடியின் மெல்லிய கம்பியும் கொஞ்ச நாள் கூடுதலாக உழைக்கும். சுருதி சேர்க்கும்போது ட்யூனரைப் பார்த்து ஒரு கம்பியைச் சேர்த்தபின், அதன் சோடியைக் காதால் சேருங்கள். இரண்டையும் ட்யூனரிடம் ஒப்படைத்தால் ஊசி நடுவில் நிற்கும், ஆனால் சோடி சேராது.

இதை இங்கே சொல்லக் காரணம் உண்டு. கிற்றாரை இன்று பதிந்து, குரலை இன்னொரு நாள் பதிந்தால், அன்றைக்கு அது நின்ற சுருதிதான் குரலுக்கும் விதி. நேரில் என்றால் பாடகி ‘கொஞ்சம் இறங்கிவிட்டது’ என்று முகம் சுளிப்பாள், உடனே திருகிவிடலாம். அடுக்கிப் பதிபவர் தொடங்குவதற்கு முன் பத்து மடங்கு கவனமாக இருக்க வேண்டும்.

உவர்மலையான்:

நேற்றிரவு இரண்டு முறையையும் செய்து பார்த்தோம். ஐந்து தடவை முயன்று, பெரிய மைக்கைச் சுற்றி ஒரே மூச்சில் பாடியதில் ஒன்று தேறியது. அறையின் எதிரொலிப்பு, தங்கச்சி எச்சரித்தது போலவே, தாராளமாக விழுந்திருந்தது. மெத்தையைச் சுவரோடு நிறுத்திய பிறகு ஓரளவு குறைந்தது. ஆனால் சொற்கள் தெளிவாக விளங்கின. கேட்டுக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது: அவர்கள் இருவரின் குரலும் என் காதில் விழ வேண்டும் என்பதற்காக, நான் என்னை அறியாமலே பிக்கைக் கீழே வைத்துவிட்டு விரலால் மெதுவாக வாசித்திருக்கிறேன். தனியே பதியும்போது எனக்கு எதிரில் யாரும் இல்லாததால், பாட்டு முழுவதும் ஓங்கி அடித்திருக்கிறேன். பழைய பதிவில் பெரிய மைக்கை அணைத்துவிட்டுக் கைப்பேசியில் கேட்டேன். அதிலும் பாதிச் சொற்கள் மீண்டு வந்தன.

நிலாவெளிக்காரன்:

ஆக, எதிரில் ஆள் நின்றதால்தான் கை அடங்கியது. நான் சொன்னதும் அதுவே.

அடுக்குக்குரல்:

கை அடங்கியதால்தான் சொல் விளங்கியது. நான் சொன்னது இதுவே. அடங்கிய கையோடு தனியேயும் பதியலாம், அண்ணா.

உவர்மலையான்:

உங்கள் வழக்கு தீரும்வரை காத்திருக்க எனக்கு வழியில்லை. மச்சாள் ஞாயிற்றுக்கிழமை மட்டக்களப்புக்குத் திரும்புகிறார். அடுத்த விடுமுறை வரை மூவரும் ஒரே மைக்கைச் சுற்றி நிற்க முடியாது. ஆகவே இந்தப் பாட்டை அடுக்கித்தான் முடிக்க வேண்டும். ஆனால் இம்முறை கிற்றாரைப் பதியும்போது மனைவியை எதிரில் உட்கார வைத்து மெல்லிய குரலில் பாடச் சொல்லப்போகிறேன். அந்தக் குரல் கிற்றார் மைக்கில் கொஞ்சம் கசிந்தாலும் இருக்கட்டும். ஹார்மனி ஒவ்வொன்றும் ஒரு தடவை மட்டும். மச்சாள் தம் பகுதியை அங்கிருந்தே கைப்பேசியில் பாடி அனுப்புவதாகச் சொல்கிறார். அவருக்கு அனுப்பும் கிற்றார்ப் பதிவின் தொடக்கத்தில் நான்கு கிளிக்குகளையும் சட்சத்தையும் சேர்த்து அனுப்பினால் போதுமா, முதற்குரலையும் கேட்கவிட்டால்தான் சேர்ந்து பாடுவாரா?

நிலாவெளிக்காரன்:

முதற்குரல் கட்டாயம் வேண்டும். ஹெட்போனை ஒரு காதில் மட்டும் மாட்டிக்கொள்ளச் சொல்லுங்கள். தம் குரலையும் அவர் கேட்க வேண்டுமல்லவா.

அடுக்குக்குரல்:

இதில் எனக்கும் மறுப்பில்லை. மாட்டாத பக்கத்து ஹெட்போனைக் கன்னத்தோடு அழுத்தி மூடிக்கொள்ளச் சொல்லுங்கள். இல்லையென்றால் கிளிக் ஒலி பதிவில் கேட்கும்.